பட்டமா, கடை முதலா?



பிளஸ் டூ முடிவு வந்துவிட்டால் போதும். தச்சநல்லூர் பலசரக்குக் கடைகளில் சீனி விலையைவிட அதிகம் அடிபடும் கேள்வி, "அண்ணாச்சி, பையனை எதுல சேக்கப் போறிய?" என்பதுதான்.

"படிச்சவன்லாம் சும்மா திரியுதான், பேசாம கல்லாவுல உக்கார வையும்" என்பார் ஒருவர். "நாம பட்ட பாடு பிள்ளை படக்கூடாது" என்பார் இன்னொருவர். இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. நம் வழக்கப்படி கணக்குப் போட்டே பார்ப்போம்.

பற்று

2017-இல் தமிழகக் கட்டணக் குழு தனியார் பொறியியல் கல்லூரிகளுக்கு நிர்ணயித்த ஆண்டுக் கட்டணம், கலந்தாய்வு இடத்துக்கு 50,000 ரூபாய். நிர்வாக இடத்துக்கு 85,000 ரூபாய். தரச்சான்று பெற்ற பாடங்களுக்குச் சற்றே கூடுதல். நான்கு ஆண்டில் வித்தியாசம் 1,40,000 ரூபாய். அதே பெஞ்சு, அதே பாடம்! இதற்குமேல் நன்கொடை கேட்பது 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

நாம் மறக்கும் பற்று ஒன்றுண்டு. மாதம் ஒருமுறை புரளும் சரக்கு முதலில் 50,000 ரூபாயை உருவினால், ஆண்டுக்கு 6 லட்சம் ரூபாய் வியாபாரம் குறையும். நூற்றுக்கு 5 ரூபாய் நின்றாலும் 30,000 ரூபாய் லாபம் போயிற்று. கந்துவட்டிக்கு வாங்கினாலோ கடையே போய்விடும்!

வரவு

மத்திய அரசின் 2022-23 தொழிலாளர் கணக்கெடுப்பில், பட்டதாரிகளில் வேலை தேடியும் கிடைக்காதவர்கள் நூற்றுக்கு 13 பேருக்கு மேல். மொத்தத்தில் 3 பேர்தான். பட்டம் வேலைக்கு உத்தரவாதச் சீட்டு அல்ல என்பது தெளிவு. ஆனால் வங்கி அதிகாரி, பட்டதாரி ஆசிரியர் போன்ற பணிகளுக்குப் பட்டமின்றி வாசற்படிகூட மிதிக்க முடியாது. 2017 ஜூலை முதல் ஜி.எஸ்.டி. வந்தபின் நம் கடைக்கே கணக்குப் படித்த பிள்ளை தேவைப்படுகிறது.

என்ன செய்யலாம்?

கலந்தாய்வில் நல்ல கல்லூரி கிடைத்தால் சேருங்கள். வீட்டில் முதல் பட்டதாரியென்றால் கட்டணச் சலுகை உண்டு. சான்றிதழை முன்கூட்டியே வாங்குங்கள். கடை முதலைத் தொடாமல் வங்கிக் கல்விக் கடன் கேளுங்கள். ஏழரை லட்சம் வரை சொத்து ஈடு தேவையில்லை. படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்ட வேண்டியதில்லை. வட்டி மட்டும் ஏறிக்கொண்டிருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

நல்ல இடம் கிடைக்காவிட்டால், பேருக்கு ஒரு பொறியியல் பட்டத்தை விலைக்கு வாங்க வேண்டாம். பேட்டையில் ம.தி.தா. இந்துக் கல்லூரியும் அரசு ஐ.டி.ஐ.யும், பாளையில் தூய சவேரியார் கல்லூரியும் பஸ் தூரத்தில் இருக்கின்றன. வீட்டுச் சோறு, மாலையில் கடை அனுபவம். விடுதிச் செலவும் மிச்சம்.

பெண் பிள்ளைக்கும் இதே கணக்குத்தான். அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்கு 2022-இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. "கட்டிக்கொடுக்கப் போற பிள்ளைக்கு எதுக்கு?" என்று நிறுத்திவிடாதீர்கள்.

மூட்டையைக் குத்தூசியால் குத்திப் பார்க்காமல் அரிசி வாங்குவோமா? கல்லூரியையும் அப்படியே பாருங்கள். கட்டணம் கட்டுமுன், போன ஆண்டு படித்து முடித்த இரண்டு பிள்ளைகளிடம் இப்போது என்ன வேலை, என்ன சம்பளம் என்று கேளுங்கள். அதன்பிறகு கல்லாவைத் திறங்கள்!