அம்பாசிடருக்கு ஒரு மின்விசிறி

உத்தர்பாரா தொழிற்சாலையில் அம்பாசிடர் தயாரிப்பு 2014-ல் நின்றுவிட்டது. ஆனாலும் நாக்பூரில் நம் தமிழ்க் குடும்பங்கள் சில அந்தக் காரை விற்க மனமில்லாமல் இன்னும் வைத்திருக்கின்றன. அப்பா வாங்கிய வண்டி. மாப்பிள்ளை அழைப்புக்குப் பூ வைத்து அலங்கரித்த வண்டி. எப்படி விற்பது? நான் ரயில்வேயில் டீசல் இன்ஜினோடு காலம் தள்ளியவன் என்பதால், அவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வியும் பெரும்பாலும் ஒன்றுதான்: "சார், மே மாசம் வார்தா ரோடு சிக்னலில் நின்றால் வண்டி கொதிக்கிறது. எலெக்ட்ரிக் ஃபேன் போட்டுவிடலாமா?"

போடலாம். ஆனால் ஃபேன் வாங்குவது சுலபம். அதற்கு ஒயர் இழுப்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஏன் கொதிக்கிறது?

அம்பாசிடரின் விசிறி இன்ஜினோடு பெல்ட்டால் பிணைக்கப்பட்டது. இன்ஜின் வேகமாகச் சுற்றினால் அதுவும் வேகமாகச் சுற்றும். நெடுஞ்சாலையில் போகும்போது எதிர்க்காற்றே போதும், விசிறிக்கு வேலை குறைவு. சிக்னலில் நிற்கும்போதுதான் காற்று வேண்டும். அப்போது பார்த்து இன்ஜினும் மெதுவாகச் சுற்றுகிறது, விசிறியும் மெதுவாகச் சுற்றுகிறது. வெளியே 45 டிகிரி வெயில். கொதிக்காமல் என்ன செய்யும்? மின்விசிறிக்கு இந்தக் குறை இல்லை. வண்டி நின்றாலும் ஓடினாலும் அதன் வேகம் ஒன்றே.

ஒரு எச்சரிக்கை. ரேடியேட்டர் உள்ளே உப்புப் படிந்து அடைத்திருந்தால், தெர்மோஸ்டாட் திறக்காமல் இருந்தால், வாட்டர் பம்ப் தேய்ந்திருந்தால், இக்னிஷன் டைமிங் தவறியிருந்தால் எந்த ஃபேனும் காப்பாற்றாது. முதலில் இவற்றைச் சரிபார்த்துவிட்டுப் பிறகு ஃபேனுக்குச் செலவு செய்யுங்கள்.

மின்சாரக் கணக்கு

120 வாட் ஃபேன் 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் இழுக்கும். கிளம்பும் நொடியில் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. இந்த மின்சாரம் எங்கிருந்து வரும்? பழைய டைனமோ வண்டியாக இருந்தால், டைனமோ நல்ல நிலையில் முழு வேகத்தில் தருவதே சுமார் 22 ஆம்பியர்தான். ஐட்லிங்கில் ஏறக்குறைய ஒன்றும் தராது. ஹெட்லைட் இரண்டுக்கும் மட்டும் ஏழெட்டு ஆம்பியர் போய்விடும். ஆக, மாலை நேரச் சிக்னலில் ஃபேன் முழுக்க முழுக்க பேட்டரியைத்தான் தின்னும். டைனமோ வண்டிக்காரர்கள் முதலில் ஆல்டர்னேட்டருக்கு மாறுவதே நல்லது. மாற்றுமுன், பேட்டரியின் எந்த முனை பாடியில் எர்த் ஆகியிருக்கிறது என்று பாருங்கள். மிகப் பழைய வண்டிகளில் பாசிட்டிவ் முனை எர்த்தாக இருக்கலாம். அதைக் கவனிக்காமல் ஆல்டர்னேட்டரை மாட்டினால் அது அந்த நிமிடமே போய்விடும்.

ஒயரின் கனமும் முக்கியம். பேட்டரியிலிருந்து ஃபேனுக்குப் போய்த் திரும்ப மொத்தம் 4 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 1 சதுர மில்லிமீட்டர் ஒயரில் 10 ஆம்பியர் ஓடினால் 0.7 வோல்ட் வழியிலேயே சூடாகி வீணாகும். 4 சதுர மில்லிமீட்டர் ஒயரில் இழப்பு 0.2 வோல்ட்டைத் தாண்டாது.

நண்பர் ஒருவரின் வண்டியில் மெக்கானிக் இந்தக் கணக்கைப் பார்க்கவில்லை. இக்னிஷன் ஸ்விட்ச்சின் பின்னாலிருந்தே ஒல்லி ஒயர் ஒன்றை இழுத்து, ஃப்யூஸ் இல்லாமல் ஃபேனுக்குக் கொடுத்துவிட்டார். ஒரு வாரம் நன்றாக ஓடியது. பேரக்குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போன அன்று டாஷ்போர்டிலிருந்து புகை வந்தது. பானட்டைத் திறந்து பேட்டரி முனையைக் கழற்றியதால் வண்டி தப்பியது. நான் போய்ப் பார்த்தபோது அந்த ஒயர் பக்கத்து ஒயர்களோடு உருகி ஒட்டியிருந்தது. நாற்பது வருடப் பழைய துணி சுற்றிய ஒயர்கள், பக்கத்திலேயே பெட்ரோல் குழாய். தீப்பிடிக்க இதற்கு மேல் என்ன வேண்டும்?

ரிலேதான் வழி

நான்கு முனை ரிலே எந்த ஆட்டோ எலெக்ட்ரிகல் கடையிலும் கிடைக்கும். முனைகளில் 30, 87, 86, 85 என்று எண் போட்டிருக்கும். வேலை தொடங்குமுன் பேட்டரியின் எர்த் முனையைக் கழற்றிவிடுங்கள்.

பேட்டரி பாசிட்டிவ்விலிருந்து தடித்த ஒயர், 20 ஆம்பியர் ஃப்யூஸ் வழியாக 30-க்கு. ஃப்யூஸ் பேட்டரியின் பக்கத்திலேயே இருக்கவேண்டும். தள்ளி வைத்தால் இடைப்பட்ட ஒயருக்குப் பாதுகாப்பில்லை. 87-லிருந்து ஃபேனுக்கு. ஃபேனின் மறுமுனை பெயின்ட் சுரண்டிய சுத்தமான பாடி இரும்பில் எர்த். 86-க்கு இக்னிஷன் போட்டால் மட்டும் மின்சாரம் வரும் ஒயர். 85-லிருந்து தெர்மல் ஸ்விட்ச் வழியாக எர்த். ரிலேயின் காயில் இழுப்பது கால் ஆம்பியர்கூட இல்லை என்பதால் சாவி ஸ்விட்ச்சுக்குப் பாரமே தெரியாது. (பாசிட்டிவ் எர்த் வண்டிக்கு இந்த இணைப்பு அப்படியே பொருந்தாது.)

தெர்மோஸ்டாட் 82 டிகிரியில் திறப்பதாக இருந்தால், 92-ல் போட்டு 87-ல் அணைக்கும் தெர்மல் ஸ்விட்ச் சரியாக இருக்கும். ரேடியேட்டரின் மேல் டாங்க் பித்தளை. ரேடியேட்டர் கடைக்காரர் அதில் மரை வைத்துப் பற்றவைத்துத் தருவார். மாட்டுமுன் ஸ்விட்ச்சின் அடிப்பாகத்தை வெந்நீரில் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரும் மீட்டரும் வைத்துச் சோதித்துவிடுங்கள்.

ஒயர் அறுந்தால்?

ரயில்வே எனக்குக் கற்றுக்கொடுத்த கேள்வி இது. சிக்னல் கம்பி அறுந்தால் கை தானாக 'அபாயம்' காட்டும் நிலைக்குப் போகவேண்டும் என்பது எங்கள் பாலபாடம். டபிள்யூ.டி.எம்.-2 டீசல் இன்ஜினில் ரேடியேட்டர் விசிறியை மெதுவாகவும் முழு வேகத்திலும் ஓட்டத் தனித்தனி தெர்மல் ஸ்விட்ச்கள் உண்டு. அவற்றையும் மீறிச் சூடேறினால் டிரைவரை எச்சரிக்க இன்னொன்று உண்டு. ஒன்றை மட்டும் நம்பி யாரும் இன்ஜின் கட்டவில்லை.

மேலே சொன்ன காரின் இணைப்பில் தெர்மல் ஸ்விட்ச் ஒயர் அறுந்தால் ஃபேன் சத்தமில்லாமல் நின்றுபோகும். ஆகவே மூன்று காரியம் செய்யுங்கள். ஒன்று, 85-லிருந்து இன்னொரு ஒயரை டாஷ்போர்டில் ஒரு சிறு ஸ்விட்ச்சுக்குக் கொண்டுவந்து, அதன் மறுமுனையை எர்த் செய்யுங்கள். தெர்மல் ஸ்விட்ச் கைவிட்டாலும் கையால் போடலாம். இரண்டு, 87-லிருந்து சிறு ஃப்யூஸோடு ஒரு பைலட் விளக்கு. அது எரிந்தால் ரிலே வேலை செய்கிறது என்று பொருள். மோட்டார் சுற்றுகிறதா என்பதற்குக் காதுதான் சாட்சி. டெம்பரேச்சர் மீட்டரிலும் ஒரு கண் இருக்கட்டும்.

மூன்றாவதுதான் மிக முக்கியம். பெல்ட் விசிறியைக் கழற்றாதீர்கள். கிரில்லுக்குப் பின்னால் இடத்தை அளந்து, ரேடியேட்டரின் முன்பக்கம் நின்று காற்றைத் தள்ளும் வகை ஃபேனாகக் கேட்டு வாங்குங்கள். கழற்றினால் கொஞ்சம் பெட்ரோல் மிச்சம் என்பார்கள். அந்த மிச்சம், ஆளில்லாத சாலையில் குடும்பத்தோடு நிற்கும் ஒரு மதியத்துக்கு ஈடாகாது. புதியது நின்றாலும் பழையது மெல்ல வீடு சேர்த்துவிடும்.

இந்த வேலையை வெயில் ஏறுமுன், பிப்ரவரியிலேயே முடித்துக்கொள்ளுங்கள். மெக்கானிக் ஒயரை நீட்டியதும், "இது அறுந்தால் என்ன ஆகும்?" என்று கேளுங்கள். பதில் சொல்பவரிடம் வண்டியைக் கொடுக்கலாம். படம் தேவைப்படுகிறவர்கள் சங்கக் கூட்டத்தில் கேட்டால் வரைந்து தருகிறேன்.