நனைந்த பந்தும் கணினியும்

தொற்றுநோயோ மழையோ ஒரு தொடரைப் பாதியில் நிறுத்திவிட்டால், மீதியைக் கணினியில் ஆடவைத்துக் கோப்பையைக் கொடுத்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. 2020-ல் இங்கிலாந்தின் கிராண்ட் நேஷனல் குதிரைப் பந்தயம் ரத்தானபோது, கணினி ஓட்டிய பந்தயத்தைத்தான் தொலைக்காட்சியில் காட்டினார்கள். பாட்டர்ஸ் கார்னர் என்ற குதிரை ‘வென்றது’. விளையாட்டுக் கணிப்புகளில் பெரும்பாலும் கையாளப்படுவது மான்ட்டி கார்லோ முறை. 1946-ல் நோயிலிருந்து தேறிவந்த கணிதவியலாளர் ஸ்டானிஸ்லாவ் உலாம், தனியாகச் சீட்டாடியபோது யோசித்தார்: ஆட்டம் கைகூடும் வாய்ப்பைக் கணக்கிட்டு மண்டையை உடைத்துக்கொள்வானேன், பலமுறை ஆடி எண்ணிவிட்டால் போதாதா? அதுபோல, அணிகளின் பலத்தை எண்ணாக்கி மிச்சத் தொடரைப் பத்தாயிரம் முறை ஓட்டலாம். சிக்கல் அதற்குப் பிறகுதான். அதிக முறை வென்ற அணிக்குக் கோப்பை என்றால், அது பழைய ஆட்டங்களுக்கான பரிசு. ஒரே முறை ஓட்டி முடிவு கட்டினால், அது வெறும் குலுக்கல் சீட்டு.

2024 ஐபிஎல் தொடரைப் பாருங்கள். ஏப்ரல் 21 அன்று பெங்களூரு அணி எட்டில் ஏழு ஆட்டங்களைத் தோற்றிருந்தது. ‘ஈ சலா கப் நம்தே’ (இந்த முறை கோப்பை நமதே) என்று ஆண்டுதோறும் முழங்கிவந்த ரசிகர்களே வாயடைத்திருந்த நேரம். மீதி ஆறையும் வெல்ல என்ன வாய்ப்பு? ஒவ்வோர் ஆட்டத்தையும் நாணயச் சுண்டலாக வைத்தால் 64-ல் ஒன்று. பத்தாயிரம் ஓட்டத்தில் சுமார் 156. அன்றே தொடர் நின்று கணினி தீர்ப்புச் சொல்லியிருந்தால் பெங்களூரு வெளியேறியிருக்கும். கணக்கில் பிழை இல்லை. அந்த 156-ல் ஒன்றுதான் நிஜத்தில் நடந்தது. ஆறும் வெற்றி.

மழை குறுக்கிட்டால் டக்வொர்த்-லூயிஸ் கணக்கும் முடிவு சொல்கிறதே என்பது நியாயமான கேள்வி. ஆனால் டி20-ல் இரண்டாவது அணி குறைந்தது 5 ஓவராவது களத்தில் ஆடியிருந்தால்தான் அது தீர்ப்புச் சொல்லும். நடந்த ஆட்டத்தை அது நீட்டிப் பார்க்கிறதே தவிர, நடக்காத ஆட்டத்தை உண்டாக்குவதில்லை. விவரங்களைக் கூட்டினால் கணினி நிஜத்தை எட்டிவிடாதா என்றும் கேட்கலாம். சராசரிகள் செம்மையாகும், அவ்வளவே. பெங்களூருவின் அந்த ஆறாவது ஆட்டத்தில், மே 18 அன்று சின்னசாமி மைதானத்தில் பிளே-ஆஃப் இடத்துக்குச் சென்னைக்குக் கடைசி ஓவரில் 17 ரன் தேவை. முதல் பந்தை தோனி மைதானத்துக்கு வெளியே சிக்ஸருக்குத் தூக்கினார். நனைந்திருந்த பந்து போய், பந்துவீச்சாளர் பிடிக்க எளிதான காய்ந்த பந்து வந்தது. அடுத்த பந்தில் தோனி கேட்ச். ஓவரில் மொத்தம் 7 ரன். அந்த சிக்ஸர்தான் தங்களுக்கு நல்லதாகப் போயிற்று என்று பெங்களூருவின் தினேஷ் கார்த்திக்கே பிறகு சொன்னார். கணினியின் கணக்கில் சிக்ஸர் என்றால் சென்னைக்கு ஆறு ரன்.