இட்லிச் சட்டியில் ஜப்பான், குழம்புச் சட்டியில் துனிசியா

வத்திராயிருப்பு வீடுகளில் முட்டைக் குழம்பு இரண்டு விதமாக வைப்பார்கள். அவித்து உரித்த முட்டையைக் கீறிப் போடுவது ஒன்று. கொதிக்கிற குழம்பில் முட்டையை அப்படியே உடைத்து ஊற்றி மூடிவைப்பது இன்னொன்று. இந்த இரண்டாவது விதம் பழகிய கைக்கு வட ஆப்பிரிக்காவின் ஷக்‌ஷூகா பாதி தெரிந்தாயிற்று. ஜப்பானின் சாவன்முஷி, ஈரானின் கூக்கூ சப்ஜி, ஸ்பெயினின் தோர்த்தியா எல்லாமும் அந்தக் கைக்கு எட்டுகிறவைதான்.

கைபேசியில் இந்தப் பலகாரங்களைப் பார்க்கும்போது மலைப்பாக இருக்கும். ஓவன் வேண்டும், சீஸ் வேண்டும், சாமான் வாங்க ராஜபாளையமோ மதுரையோ போக வேண்டும் என்று தோன்றும். இவற்றுக்கு அவை எதுவும் வேண்டாம். இட்லிச் சட்டி, குழம்புச் சட்டி, பணியாரக் கல், ஒரு இரும்புச் சட்டி போதும். கூடவே தெரிந்துகொள்ள வேண்டியது, எவ்வளவு சூட்டில் முட்டைக்குள் என்ன நடக்கிறது என்பது. உலகத்து முட்டைச் சமையல் பெரும்பாலும் 62 டிகிரி செல்சியஸுக்கும் 80 டிகிரிக்கும் நடுவில் நடக்கிற விளையாட்டு.

சூட்டில் அவிழும் புரதம்

வெள்ளைக் கருவில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். மீதி பெரும்பாலும் புரதம். மஞ்சள் கருவில் பாதி தண்ணீர், மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு, மிச்சத்தில் பெரும்பகுதி புரதம். ஒவ்வொரு புரத மூலக்கூறும், ராஜபாளையத்து ஆலையில் சுற்றி வைத்த நூல்கண்டு மாதிரி, தன்னைத் தானே சுற்றிக்கொண்டு தண்ணீரில் தனித்தனியாக மிதக்கிறது. அதனால்தான் பச்சை முட்டை ஒளி ஊடுருவும்படி, வழவழவென்று இருக்கிறது.

சூடு ஏறினால் கண்டு அவிழ்கிறது. அவிழ்ந்த இழைகள் பக்கத்து இழைகளோடு பின்னிக்கொள்கின்றன. பின்னலின் கண்களுக்குள் தண்ணீர் சிறைப்படுகிறது. வேகவைத்த முட்டை திடமாகத் தெரிந்தாலும், அதில் இருந்த தண்ணீர் ஏறக்குறைய அப்படியே உள்ளேதான் இருக்கிறது. தீ மிஞ்சினால் பின்னல் இறுகி, பிழிந்து, தண்ணீரை வெளியே தள்ளிவிடும். ரப்பர் மாதிரி ஆகிவிட்ட ஆம்லெட்டும், தட்டில் தண்ணீர் விடுகிற பொடிமாஸும் இப்படி வந்தவையே.

எல்லாப் புரதமும் ஒரே சூட்டில் அவிழ்வதில்லை. வெள்ளைக் கருவின் புரதத்தில் எட்டில் ஒரு பங்கு இருக்கிற ஓவோட்ரான்ஸ்ஃபெரின் 62 டிகிரியை ஒட்டி இறுகத் தொடங்கும். பாதிக்கு மேல் இருக்கிற ஓவால்புமினோ 80 டிகிரி வரை அசையாது. மஞ்சள் கரு 65-இல் கெட்டிப்பட்டு, 70-ஐ ஒட்டி இறுகிவிடும். வெள்ளை முந்தித் தொடங்கிப் பிந்தி முடிக்கிறது. மஞ்சள் இரண்டுக்கும் நடுவில் தன் வேலையை முடித்துக்கொள்கிறது.

பாலின் கதை வேறு. பக்கத்திலேயே ஸ்ரீவில்லிபுத்தூர் இருக்கிறது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவாவுக்காக அங்கே பாலை மணிக்கணக்கில் காய்ச்சுகிறார்கள். பால் வற்றுகிறது, நிறம் மாறுகிறது. முட்டையைப் போலத் திடீரென்று கட்டிப்படுவதில்லை. பாலின் முக்கியப் புரதமான கேசீன் இறுக்கிச் சுற்றப்பட்ட புரதமன்று; சூடு வந்து அவிழ்க்க அதில் பெரிதாக ஒன்றுமில்லை. புளிப்பு பட்டால் அது திரியும். பால்கோவாக்காரருக்குக் கைவலிமையும் பொறுமையும் போதும். முட்டைச் சமையலுக்கு நொடிக்கணக்கு வேண்டும்.

வெந்நீர் ஊற்று இல்லாத ஊரில்

ஜப்பானில் வெந்நீர் ஊற்றுகள் நிறைய. சுமார் 70 டிகிரி சூட்டில் இருக்கிற ஊற்றில் முட்டையைக் கூடையோடு இறக்கிவைத்து எடுப்பார்கள். அதற்கு ஓன்சென் தமாகோ என்று பெயர். நம் ஆஃப் பாயிலில் வெள்ளை வெந்து மஞ்சள் ஒழுகும். இதில் தலைகீழ்: மஞ்சள் குழைவாகக் கட்டியிருக்கும், வெள்ளை பாலேடு போலத் தளதளவென்று இருக்கும். மேலே சொன்ன கணக்கைப் பார்த்தால் காரணம் விளங்கும். 70 டிகிரியில் மஞ்சளின் வேலை முடிந்துவிட்டது. வெள்ளையில் ஓவால்புமின் இன்னும் தூங்குகிறது.

நம் பிளவக்கல் அணைப் பக்கம் வெந்நீர் ஊற்று கிடையாது, அடுப்பு இருக்கிறது. 1 லிட்டர் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு அடுப்பை அணையுங்கள். 200 மில்லி குழாய்த் தண்ணீரை அதில் ஊற்றுங்கள். நான்கு முட்டைகளை மெல்ல இறக்கி, கனமான மூடியால் மூடி, கால் மணி நேரம் விடுங்கள். சூடு 80-ஐ ஒட்டித் தொடங்கி 70-ஐ நோக்கி இறங்கும். உடைத்து ஊற்றி, மேலே கொஞ்சம் மிளகுத்தூளும் உப்பும் போட்டால் ஆயிற்று.

ஓர் எச்சரிக்கை. முட்டையில் சால்மொனெல்லா கிருமி இருக்க வாய்ப்புண்டு. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் முதியவர்களுக்கும் இப்படி அரைவேக்காடாகக் கொடுக்க வேண்டாம். வெள்ளை, மஞ்சள் இரண்டும் முழுவதும் இறுகியதையே கொடுங்கள்.

ஒரு பங்கு முட்டை, மூன்று பங்கு தண்ணீர்

சாவன்முஷிதான் இவற்றில் பெரிய வியப்பு. ஒரு பங்கு முட்டைக்கு மூன்று பங்கு சாறு ஊற்றிக் கலந்து ஆவியில் வைக்கிறார்கள். நூற்றுக்குப் பன்னிரண்டாக இருந்த புரதம் மூன்றாகக் குறைந்துபோகிறது. அவ்வளவு நீர்த்த கலவையும் கட்டிப்படுகிறது! இழைகள் குறைவாக இருந்தாலும் பின்னல் அறுந்துபோவதில்லை, கண்கள் பெரிதாகின்றன, அவ்வளவுதான். ஆனால் இழைகள் ஒன்றையொன்று சந்திக்க நேரமாகும். அதனால் 73 டிகிரியை ஒட்டி இறுகவேண்டிய கலவை, இப்போது 80 வரை போனால்தான் இறுகும்.

வெறும் தண்ணீரில் கலந்தால் சரியாகக் கட்டாது என்பது இன்னொரு விநோதம். புரதங்கள் ஒரே வகை மின்னூட்டத்தோடு ஒன்றையொன்று விலக்குகின்றன. உப்பின் அயனிகள் நடுவில் புகுந்து அந்த விலக்கத்தைக் குறைக்கின்றன. ஒரு சிட்டிகை உப்பு ருசிக்கு மட்டும் இல்லை என்று அர்த்தம்.

ஜப்பானியர் கடற்பாசியும் உலர்ந்த மீனும் ஊறிய சாற்றை ஊற்றுவார்கள். அந்தச் சாற்றின் ருசிக்குக் காரணம் குளூட்டமேட் என்று கிகுனாயி இகேதா கண்டுசொன்னது 1908-இல். கொரியாவிலும் இதற்கு ஒரு உடன்பிறப்பு உண்டு: கெரான்ஜிம். அதை மண்சட்டியில், பெரும்பாலும் உலர்ந்த நெத்திலி வேகவைத்த சாற்றில் செய்கிறார்கள். மண்சட்டியும் நெத்திலிக் கருவாடும் நமக்குப் புதிதா? ஒரு கைப்பிடி நெத்திலியைக் கழுவித் தலை கிள்ளி, பத்து நிமிடம் வேகவைத்து வடிகட்டினால் சாறு தயார். கருவாடு வேண்டாதவர்கள் கோழி எலும்பு சூப்பை வடிகட்டிக்கொள்ளலாம். எதுவானாலும் நன்றாக ஆறிய பிறகே முட்டையில் ஊற்ற வேண்டும்.

கலவையை நுரைக்க அடிக்காமல் கலக்கி, வடிகட்டி, சிறு கிண்ணங்களில் ஊற்றி இட்லிச் சட்டியில் வையுங்கள். இட்லிக்கு வைக்கிற தீயை இதற்கு வைத்தால் ஆவி 100 டிகிரியைத் தொடும். கலவைக்குள் தண்ணீர் கொதித்து உள்ளெல்லாம் துளை விழும். தீயைத் தணித்து, மூடியை ஒரு கரண்டிக் காம்பு கொடுத்துக் கொஞ்சம் திறந்தாற்போல் வையுங்கள். பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம். கிண்ணத்தை அசைத்தால் நடு மட்டும் லேசாக ஆட வேண்டும்.

நாட்டுக்கோழி முட்டை சிறியது என்பதை இங்கே மறந்துவிடக் கூடாது. ‘இரண்டு முட்டைக்கு இத்தனை தண்ணீர்’ என்ற கணக்கு நாமக்கல் முட்டைக்குச் சரியாக வந்தால் நாட்டு முட்டைக்குத் தவறும். உடைத்து ஊற்றி, டம்ளரில் அளந்து, அந்த அளவுக்கு மூன்று மடங்கு சாறு ஊற்றினால் எந்த முட்டையானாலும் தப்பாது.

தக்காளி செய்த உறவு

ஷக்‌ஷூகாவில் வெங்காயம், பூண்டு, தக்காளி, சீரகம், மல்லி, வத்தல் எல்லாம் உண்டு. தேங்காய் அரைத்து ஊற்றாத, புளி விடாத நம் குழம்பென்றே சொல்லிவிடலாம். ஒற்றுமைக்குக் காரணம் உண்டு. தக்காளியும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்துச் செடிகள். கொலம்பஸ் 1492-இல் கடல் கடந்த பிறகுதான் அவை துனிசியாவுக்கும் வந்தன, தமிழ்நாட்டுக்கும் வந்தன. இரண்டு ஊர்ச் சமையல்காரர்களும் ஒரே புதுச் சரக்கை வாங்கி, ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள்.

துனிசியர்களின் காரத்துக்கு ஹரிஸா என்ற விழுது. 2022-இல் யுனெஸ்கோ அதைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஊறவைத்த வத்தல், பூண்டு, மல்லி, கேரவே விதை, உப்பு, ஆலிவ் எண்ணெய் அதில் சேரும். மிளகாய் வத்தல் வியாபாரத்துக்குப் பேர்போன விருதுநகர் நம் மாவட்டத் தலைநகர். கேரவேக்குப் பதில் சீரகம், ஆலிவுக்குப் பதில் நல்லெண்ணெய் என்று அரைத்துக்கொண்டால் குறை தெரியாது.

அரைக் கிலோ நாட்டுத் தக்காளி சுண்டி எண்ணெய் பிரியும் வரை வதக்குங்கள். கரண்டியால் நான்கு குழி செய்து, குழிக்கு ஒரு முட்டை உடைத்து ஊற்றி, மூடித் தீயைத் தணியுங்கள். ஐந்து முதல் ஏழு நிமிடம். கரண்டி போட்டுக் கிண்டாதீர்கள். தண்ணீரில் உடைத்து ஊற்றினால் சிதறுகிற வெள்ளை, இங்கே குழிக்குள் ஏன் அடங்குகிறது? குழம்பின் கெட்டி ஒரு காரணம். தக்காளியின் புளிப்பு இன்னொரு காரணம். அமிலம் புரதங்களின் மின்னூட்ட விலக்கத்தைக் குறைப்பதால் வெள்ளை குறைந்த சூட்டிலேயே, சீக்கிரமாகக் கட்டிப்படுகிறது. உப்பு சாவன்முஷியில் செய்ததைப் புளிப்பு இங்கே செய்கிறது.

துருக்கியின் சில்பிர் இதையே வேறு விதமாகச் செய்வது. வினிகர் கலந்த வெந்நீரில் முட்டையை உடைத்து வேகவைத்து, பூண்டுத் தயிர் மேல் வைத்து, மிளகாய்த்தூள் பொரிந்த வெண்ணெயை ஊற்றுகிறார்கள். மிளகாயின் நிறமும் காரமும் கொழுப்பில்தான் கரையும் என்பது தாளிக்கத் தெரிந்தவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. இதற்கு முட்டை புதிதாக இருக்க வேண்டும். முட்டை பழசாகப் பழசாக ஓட்டின் நுண்துளை வழியே கரியமில வாயு வெளியேறி, வெள்ளைக் கரு காரத்தன்மை ஏறி நீர்த்துப்போகும். நம் வெயிலில் வெளியே வைத்த முட்டைக்கு இது வேகமாக நடக்கும். அப்படிப்பட்டதை அவிக்க வைத்துக்கொள்ளுங்கள்; புது முட்டையைவிட ஓடு சுலபமாக உரியும்.

கீரையும் கிழங்கும்

கூக்கூ சப்ஜி ஈரானியப் புத்தாண்டு நவ்ரோஸில் சமைப்பது. முட்டையில் கீரை போட்டதன்று, கீரையைப் பிடித்து நிறுத்தும் அளவுக்கு மட்டும் முட்டை ஊற்றியது. கொத்தமல்லி, வெந்தயக்கீரை இரண்டும் அவர்களும் போடுவார்கள். நாம் முருங்கைக்கீரையும் சேர்க்கலாம். கழுவிய கீரையைத் துணியில் நன்றாக உலர்த்த வேண்டும். ஈரம் மிஞ்சினால் அத்தனையையும் பிடித்துவைக்கப் புரதம் போதாது. பணியாரக் கல்லில் எண்ணெய் விட்டுக் குழிக் குழியாக ஊற்றித் திருப்பினால் பிள்ளைகள் கீரை என்று முகம் சுளிக்கமாட்டார்கள்.

ஸ்பெயினின் தோர்த்தியாவில் மெல்லிசாக நறுக்கிய உருளைக்கிழங்கை நிறைய எண்ணெயில், தணிந்த தீயில், சிவக்காமல் வேகவைத்து வடித்து, அடித்த முட்டையில் ஊறவிட்டுச் சட்டியில் ஊற்றுகிறார்கள். வெங்காயம் சேர்க்கலாமா கூடாதா என்று அங்கே இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை. கிழங்கின் மாவுச்சத்து முட்டைப் புரதங்களுக்கு நடுவே புகுந்து அவை மிஞ்சி இறுகாமல் தடுக்கும். அதனால் கொஞ்சம் அசந்தாலும் தோர்த்தியா மன்னிக்கும். திருப்புவதற்குத் தட்டு ஒன்றைக் கவிழ்த்துச் சட்டியைப் புரட்டி, மீண்டும் சட்டிக்குள் சரித்துவிட வேண்டும்.

கலக்கியும் பிரெஞ்சு ஆம்லெட்டும்

பரோட்டாக் கடைக் கலக்கியைச் சாப்பிட்டவர்களுக்குப் பிரெஞ்சு ஆம்லெட் புதிதாக இராது. இரண்டிலும் உள்ளே கூழாக இருக்கும்போதே மடித்து எடுத்துவிடுகிறார்கள். அடியில் நிறம் மாறவிடுவதில்லை. நம் வீட்டு ஆம்லெட்டுக்கோ ஓரம் முறுகிச் சிவக்க வேண்டும். தண்ணீர் இருக்கும் வரை முட்டை 100 டிகிரியைத் தாண்டாது. ஓரம் உலர்ந்து 140 டிகிரியை நெருங்கும்போதுதான் புரதமும் சர்க்கரையும் வினைபுரிந்து அந்த மணமும் நிறமும் வருகின்றன. 1912-இல் இந்த வினையை விவரித்த லூயி கமீல் மயார் ஒரு பிரெஞ்சுக்காரர். அவருடைய நாட்டுச் சமையல்காரர்கள் அந்த வினையை ஆம்லெட்டில் வேண்டாம் என்கிறார்கள்; நாம் கேட்டு வாங்குகிறோம். இதில் சரி, தப்பு இல்லை. இரண்டும் வேறு வேறு சூடு.

முதலில் சாவன்முஷியைச் செய்து பாருங்கள். செலவு இரண்டு முட்டையும் ஒரு கைப்பிடி நெத்திலியும். துளை விழுந்தால் மறுமுறை தீயைக் குறையுங்கள், கட்டாமல் போனால் இரண்டு நிமிடம் கூட்டுங்கள். அதில் கை படிந்துவிட்டால் மற்றவை எல்லாம் தானே வரும். கடையில் புதிதாக ஒரு பாத்திரமும் வாங்க வேண்டியதில்லை.