மட்டக்களப்பு வாவிக்கரையில் இத்தனை சூபி அதிசயங்களா! தெரியுமா?

மட்டக்களப்பு என்றதும் என்ன நினைவுக்கு வரும்? பாடும் மீன்! கல்லடிப் பாலத்தடியில், முழுநிலா இரவில், துடுப்பை நீருக்குள் இறக்கி மறுமுனையில் காதை வைத்துக் கேட்பார்களே, அதே மீன்தான். ஆனால் 50 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கும் இந்த வாவியையும் அதற்குத் தெற்கே உள்ள கடற்கரையையும் அண்டிய ஊர்களில், சூபிகள் இறைவனை நினைந்து கூட்டாக ஓதும் திக்ரையும் ராத்திபையும் கேட்டு எழுத, உலகப் பல்கலைக்கழகங்களிலிருந்து ஆய்வாளர்கள் அரை நூற்றாண்டுக்கு மேலாக வந்துகொண்டே இருக்கிறார்கள். அது தெரியுமா?

39 ஆண்டு எடுத்த புத்தகம்!

1969ஆம் ஆண்டு ஓர் அமெரிக்க ஆய்வு மாணவர் வாவிக்குத் தெற்கே உள்ள அக்கரைப்பற்றுக்கு வந்து சேர்ந்தார். பெயர் டெனிஸ் மக்கில்வ்ரே. மானிடவியல் படித்தவர். தமிழரோடும் முஸ்லிம்களோடும் பழகி, குடும்பம், சாதி, கோயில், பள்ளிவாசல் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். 1971வரை தங்கினார். பிறகும் திரும்பத் திரும்ப வந்தார். அந்த அனுபவம் பெரும் நூலாக அச்சேறியது எப்போது தெரியுமா? 2008இல்! முதற்பயணத்துக்கும் நூலுக்கும் இடையில் 39 ஆண்டு! நடுவில் போர் வந்தது, சுனாமி வந்தது. மனிதர் விடவில்லை!

அவரை வியக்க வைத்த ஒன்று என்ன தெரியுமா? தாய்வழிக் குடி! இந்தக் கரையில் தமிழருக்கும் குடி உண்டு, முஸ்லிமுக்கும் குடி உண்டு. பிள்ளை தாயின் குடியைச் சேரும். வீடு மகளுக்குச் சீதனமாகப் போகும். மாப்பிள்ளைதான் மனைவி வீட்டுக்கு வந்து குடியேறுவார்! பள்ளிவாசல் நிர்வாகத்தில்கூடக் குடிக்கு ஒரு மரைக்காயர் என்று வைத்திருந்த ஊர்கள் உண்டு. இப்படியொரு மண்ணில் சூபி மரபு வேர்விட்டால் அது பக்தாதில் இருந்தது போலவா இருக்கும்?

வாள், ஊசி, தாயிரா!

பாவாமார் என்னும் சூபி பக்கீர்களைப் பார்த்திருக்கிறீர்களா? ரிபாய் தரீக்காவின் (சூபி வழியின்) ராத்திப் நடக்கும் இரவில் சாம்பிராணிப் புகை எழும். தாயிரா என்னும் கைப்பறையின் தாளம் மெதுவாகத் தொடங்கி ஏறிக்கொண்டே போகும். தலைமை தாங்கும் கலீபாவிடம் அனுமதி பெற்ற ஒருவர் எழுந்து நின்று, கூரான கம்பியைக் கன்னத்தில் ஏற்றுவார்! இன்னொருவர் கத்தியை எடுப்பார்! முடிந்ததும் கலீபா தடவிவிடுவார், பாவா போய்த் தம் இடத்தில் உட்கார்ந்துகொள்வார். அக்கரைப்பற்றுப் பாவாமாரைப் பற்றி மக்கில்வ்ரே எழுதிய பக்கங்கள் இன்று எங்கோ ஒரு நூலகத்தில் பாடமாக வாசிக்கப்படுகின்றன. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவர்கள் யாரென்று தெரியும்?

அடக்கம் இல்லாத ஸியாரம்!

கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிக்குப் போயிருக்கிறீர்களா? நாகூர் இறைநேசர் ஷாகுல் ஹமீது வலியுல்லாஹ்வின் பெயரால் அமைந்த ஸியாரம், அதாவது அடக்கத்தலம். ஆனால் அவர் அடங்கியிருப்பது நாகூரில்! கடல் தாண்டி, நேர்க்கோட்டில் அளந்தாலே 400 கிலோமீட்டருக்கு மேல்! உள்ளே உடல் இல்லை, நினைவு மட்டும்தான். அந்த நினைவுக்காக நடந்த கொடியேற்றம் 200 தடவையையும் தாண்டிவிட்டது!

இதே மாதிரி நாகூராரின் நினைவிடங்கள் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் உண்டு என்பது தெரியுமா? சிங்கப்பூரில் இருப்பது 1828க்கும் 1830க்கும் இடையில் கட்டியது. தமிழ் பேசும் வணிகரும் மாலுமிகளும் போன துறைமுகமெல்லாம் தங்கள் அவுலியாவையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள்! நாகூரிலேயே 131 அடி உயரப் பெரிய மினாராவைக் கட்டியவர் யார் தெரியுமா? தஞ்சாவூர் மராட்டிய மன்னர் பிரதாப் சிங்! ஓர் இந்து அரசர்!

யானை சுமந்த ஞானி!

இலங்கையின் சூபி கதைகள் இன்னும் பழையவை. 1344இல் இங்கே வந்த உலகப் பயணி இப்னு பதூதா ஒரு கதை எழுதிவைத்திருக்கிறார். அவர் இறங்கியது மட்டக்களப்பில் அல்ல, புத்தளம் பக்கம். பாவாத மலைக்கு (ஆதம் மலைக்கு) போகும் வழியில் கேட்டது. ஈரானின் ஷீராஸ் நகரத்து சூபி இப்னு கபீப், 30 பக்கீர்களோடு அந்தக் காட்டில் போனாராம். பசி தாங்காமல் மற்றவர்கள் யானைக்குட்டி ஒன்றைப் பிடித்துத் தின்றுவிட்டார்கள். அவர் மட்டும் தொடவில்லை. இரவில் யானைக் கூட்டம் வந்தது, ஒவ்வொருவராக முகர்ந்து பார்த்துக் கொன்றது! இவரை முகர்ந்த யானையோ தூக்கி முதுகில் வைத்துக்கொண்டு போய் ஊரில் இறக்கிவிட்டது! இப்னு கபீப் காலமானது 982இல். பதூதா கதையைக் கேட்டதோ 360 ஆண்டு கழித்து!

560 அத்தியாயமும் ஒரு சிற்றூரும்!

இனி வருவதுதான் என்னை மிகவும் வியக்க வைப்பது. சூபி ஞானி இப்னு அரபி பிறந்தது 1165இல், ஸ்பெயினின் மூர்சியாவில். இறந்தது 1240இல், டமாஸ்கஸில். மக்காவில் எழுதத் தொடங்கிய ஒரு நூலுக்கு மட்டும் 560 அத்தியாயம்! அவர் சிந்தனையை ஆராயவென்றே இங்கிலாந்தில் 1977ஆம் ஆண்டு ஒரு சங்கம் தொடங்கினார்கள்.

இரண்டே ஆண்டில், 1979இல், அதே சிந்தனை எங்கே பற்றி எரிந்தது தெரியுமா? காத்தான்குடியில்! ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல், நடுவில் நெருக்கியடித்து வீடுகள், வீதி நடுவே பேரீச்ச மரங்கள். அந்தச் சிற்றூரில் ‘வஹ்ததுல் வுஜூத்’, அதாவது உள்ளமை ஒன்றே என்னும் தத்துவம், மேடையில் முழங்கியது. எதிர்ப்பும் எழுந்தது. மார்க்கத் தீர்ப்பு வந்தது. ஸ்பெயினில் பிறந்த ஒருவரின் மெய்ஞ்ஞானக் கருத்தை 700 ஆண்டு கழித்து ஒரு வாவிக்கரை ஊரே தமிழில் வாதாடியது! உலகில் வேறெங்கே இது நடந்திருக்கும்?

வாதம் வாதமாக நின்றிருந்தால் எவ்வளவு பெருமை! 2004இலும் 2006இலும் தாக்குதல்கள் நடந்தன. அந்தத் தத்துவத்தை ஏற்ற தரீக்காவைச் சேர்ந்தவர்களின் கட்டடங்களும் வீடுகளும் சேதமாயின, குடும்பங்கள் ஊரைவிட்டு ஓடின. எவர் பக்கத்துக் கொள்கை சரி என்று ஆலிம்கள் பேசட்டும். பிள்ளை குட்டியோடு ஒரு குடும்பத்தை வீட்டைவிட்டுத் துரத்தியது அநியாயம்.

இதையெல்லாம் சேர்த்துப் புரிந்துகொள்ள முயன்ற ஒரு நூலுக்கு எத்தனை ஆசிரியர்கள் தெரியுமா? ஆறு பேர்! 2015இல் வெளிவந்தது. சோதனைச்சாவடி, கோயில், தேவாலயம், பள்ளிவாசல் என்று நான்கையும் தலைப்பிலேயே வைத்திருக்கிறார்கள். ஆறு பேரில் ஒருவர் பேராதனையில் புவியியல் பேராசிரியராக இருந்த, மறைந்த ஷாஹுல் ஹஸ்புல்லாஹ். மன்னார் எருக்கலம்பிட்டிக்காரர், போரில் இடம்பெயர்ந்த சமூகத்தவர்.

சரியாக 1000 ஆண்டு!

சூபி மன்சூர் ஹல்லாஜுக்கு பக்தாதில் மரண தண்டனை நிறைவேறியது 922இல். அவரைப் பற்றி பிரெஞ்சு அறிஞர் லூயி மசிஞ்ஞோன் எழுதிய பேராய்வு வெளிவந்தது 1922இல்! சூபித்துவத்தைப் பல்கலைக்கழகப் பாடமாக்கிய பெரும் நூல்களில் அதுவும் ஒன்று. சூபிக் கவிஞர் ரூமியின் மஸ்னவி என்னும் காவியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 25,000 ஈரடிகள்! நிக்கல்சன் என்ற ஆங்கிலேயர் மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் உரையையும் 8 தொகுதியாக முடிக்க 1925 முதல் 1940வரை ஆயிற்று!

நிமிடத்துக்கு 6 மூச்சு!

இதெல்லாம் பழங்கதை, நமக்கு எதற்கு என்கிறீர்களா? 2001இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இத்தாலிய ஆய்வு ஒன்று வந்தது. 23 பேரை வைத்து, கத்தோலிக்க ஜெபமாலையும் யோக மந்திரமும் சொல்ல வைத்து அளந்தார்கள். மூச்சு நிமிடத்துக்குச் சுமார் 6 ஆகக் குறைந்தது! இதயத்தின் ஒழுங்கும் மேம்பட்டது. அவர்கள் திக்ரை அளக்கவில்லை, உண்மைதான். ஆனால் கட்டுரையில் ஒரு குறிப்பு உண்டு பாருங்கள்: ஜெபமாலை ஐரோப்பாவுக்குப் போனது சிலுவைப் போர் வீரர்கள் வழியாக, அவர்கள் பெற்றது அரபியரிடமிருந்து, அரபியர் பெற்றது திபெத், இந்திய ஞானியரிடமிருந்து என்கிறார்கள்! உம்மாவின் கையில் உருளும் தஸ்பீஹ் மணிக்கு எத்தனை நாட்டுச் சொந்தம்!

பிலடெல்பியாவில் தமிழ்!

1971இல் இலங்கையிலிருந்து ஒரு முதியவர் அமெரிக்காவின் பிலடெல்பியாவுக்குப் போனார். பாவா முஹையதீன். பேசியது தமிழ்! கேட்டவர்கள் அமெரிக்கர்கள்! யூதர், கிறிஸ்தவர், கறுப்பினத்தவர் எல்லாரும் வந்தார்கள். மொழிபெயர்த்துப் பதிந்த உரைகள் ஆயிரக்கணக்கான மணிநேரம்! ரூமியை அமெரிக்காவெங்கும் கொண்டுபோன கவிஞர் கோல்மன் பார்க்ஸ் இவருடைய சீடர்! 1986இல் பாவா முஹையதீன் காலமானார், பென்சில்வேனியாவில் ஸியாரம் எழுந்தது. அந்த மரபை யாழ்ப்பாணம் முதல் அமெரிக்காவரை தொடர்ந்து போய் 2018இல் நூலாக்கினார் கனடாப் பேராசிரியர் ஷோபனா சேவியர்.

வீட்டுப் பெட்டியில் என்ன இருக்கிறது?

தூரதேசத்தை விடுங்கள். 28 அரபு எழுத்து தமிழுக்குப் போதாமல், புள்ளிகள் கூட்டிப் புது எழுத்துகள் செய்து அரபுத்தமிழில் எழுதினார்களே, அந்தக் கையேடுகள் கிழக்கிலும் புழங்கின. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) இலங்கையில் தரீக்காவைப் பரப்பியபோது கையாண்ட எழுத்தும் அதுதான். இன்று அதைத் தடங்கலின்றி வாசிப்பவர்கள் அருகிவருகிறார்கள்!

ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. இஸ்லாமியக் கற்கைக்கும் அரபு மொழிக்கும் அங்கே தனிப் பீடமே உண்டு. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அச்சேறிய எதையும் மின்வடிவாக்கிக் காக்க நூலகம் நிறுவனம் இருக்கிறது. ஆகவே வாசகர்களே, உங்கள் மூத்தம்மாவின் பெட்டியில் மௌலூது கிதாபோ, ராத்திப் கொப்பியோ, அரபுத்தமிழ்க் கடதாசியோ கிடந்தால் எரித்துவிடாதீர்கள், பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். கைத்தொலைபேசியில் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுங்கள். மூத்தம்மா இருக்கும்போதே அவரைப் பாடச்சொல்லிப் பதிவு செய்யுங்கள். அடுத்த ஆய்வாளர் அமெரிக்காவிலிருந்து வரும்வரை காத்திருக்க வேண்டாம்!