திறந்தவெளி அரங்கும் தாழொலிப் பெட்டியும்

வன்னி நாட்டிலே திருவிழாக் காலத்திற் கோயில் வீதியே இசையரங்காகும். உருத்திரபுரம் சிவன் கோயிலைப் போன்று வயல் சூழ்ந்த தலங்களில் அமையும் அரங்கிற்குச் சுவருமில்லை, கூரையுமில்லை. அங்கு வந்து பாடும் இசைக்குழுவின் பாட்டுப் பின்னிருப்போர்க்கும் கேட்கும். ஆயின் பேஸ் கிற்றாரின் நாதமும், காலால் மிதித்தடிக்கும் பெருமேளத்தின் அடியும் முன்வரிசையோடு நின்றுவிடுதல் உண்டு. இக்குறையை நீக்கவே சப்வூபர் எனப்படும் தாழொலிப் பெட்டி வேண்டப்படுகின்றது. ஊரார் சேர்த்த பணத்தில் வாங்கப்படும் அப்பெட்டியை, கூம்பின் அங்குலத்தையும் அட்டையில் அச்சிட்ட வாற்றுக் கணக்கையும் மாத்திரம் நோக்கித் தெரிவோர் ஏமாற்றம் அடைதல் எளிது.

தாழொலி ஏன் முன்வரிசையோடு நிற்கின்றது? திறந்தவெளியிலே தூரம் இருமடங்காகுந்தோறும் ஒலிமட்டம் 6 தெசிபெல் குறையும். 5 மீற்றரிலிருந்து 40 மீற்றருக்குச் செல்வோர் 18 தெசிபெல்லை இழப்பர். இவ்விழப்புப் பாட்டிற்கும் மேளத்திற்கும் ஒன்றே. ஆயினும் மனிதச் செவி இரண்டையும் ஒரே அளவிற் கொள்வதில்லை. ஒலி தணியத் தணியத் தாழ்ந்த சுருதிகளே செவிக்கு முதலில் மறைகின்றன என்பதை அமெரிக்க அறிஞர் பிளெச்சரும் மன்சனும் 1933இல் அளந்து காட்டினர். மண்டபத்திலாயின் சுவர்கள் ஒலியைத் திருப்பித் தந்து ஒருவாறு துணைசெய்யும். வீதியில் அத்துணையும் இல்லை. ஆதலின் மண்டபத்திற்குப் போதுமான பெட்டி வீதிக்குப் போதாது.

பேஸ் கிற்றாரின் மிகத் தாழ்ந்த தந்தி செக்கனுக்கு 41 முறை அதிர்வது. நமது வெப்ப நாட்டு வளியில் அவ்வொலியின் அலைநீளம் ஏறத்தாழ எட்டரை மீற்றராகும். ஒரே உரப்பைப் பெறுதற்கு, அதிர்வெண் பாதியாகக் குறையும்போது கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் அசையவேண்டும். எனவே பெட்டியின் ஆற்றலாவது அது தள்ளக்கூடிய வளியின் அளவே. 18 அங்குலக் கூம்பின் பரப்பு 15 அங்குலக் கூம்பின் பரப்பிலும் ஒன்றரை மடங்கிற்குச் சற்றுக் குறைவு. அசைவுத் தூரம் ஒத்திருப்பின், ஒரு 18 அங்குலப் பெட்டியிலும் இரண்டு 15 அங்குலப் பெட்டிகளே மிகுதியான வளியைத் தள்ளும். அங்குலத்தை மாத்திரம் வினவுவோர் அசைவுத் தூரத்தை வினவுவதில்லை.

வாற்றுக் கணக்கு இன்னும் மயக்கந் தருவது. அட்டையில் "உச்சம்" என எழுதப்படும் எண், இடையறாது தாங்கும் வலுவின் நான்கு மடங்காய் இருத்தல் வழக்கம். வலுவை இருமடங்காக்கினும் கிடைப்பது 3 தெசிபெல்லே. ஒரு வாற்றுக்கு 1 மீற்றர் தூரத்தில் 97 தெசிபெல் தரும் பெட்டி 1000 வாற்றுப் பெற்றுச் செய்வதை, 100 தெசிபெல் தரும் பெட்டி 500 வாற்றிலேயே செய்துவிடும். மின்பிறப்பாக்கியை நம்பி நடக்கும் அரங்கிற்கு இவ்வேறுபாடு எண்ணெய்ச் செலவாகவும் முடியும்.

பெட்டியின் அமைப்பும் நோக்கத்தக்கது. முற்றும் மூடிய பெட்டி தெளிவானது, ஆயினும் ஒலி குறைந்தது. குழல் வடிவப் பெட்டி திறன் மிக்கது. தாழ்ந்த சுருதிக்கு அதன் வாய் மிக அகன்றிருக்கவேண்டுமாதலின், வயற்பாதையில் உழவு இயந்திரத்தில் ஏற்றிச் செல்வோர்க்கே அதன் பாரம் விளங்கும். சிறு குழுக்களுக்கு இசைவானது துளையிட்ட பெட்டியே. துளையையும் பெட்டியின் கொள்ளளவையும் கணித்து இசைவிக்கும் முறையை நெவில் தீல் 1961இல் அவுஸ்திரேலியாவில் வெளியிட்டார். றிச்சட் ஸ்மோல் 1970களின் தொடக்கத்தில் அதனை விரித்தார். அவ்வாறு இசைவித்த சுருதிக்குக் கீழே கூம்பிற்கு வளியின் தாங்குதல் அற்றுப்போம். கட்டின்றி ஆடிக் கிழியவும் கூடும். அதற்குக் கீழ்ப்பட்ட ஒலியைத் தடுக்கும் வடிகட்டி இல்லாத பெட்டி எத்துணை மலிவாயினும் கொள்ளத்தக்கதன்று.

இனி, நல்ல பெட்டியையும் வீணாக்குவது வைக்கும் இடமாகும். மேடையின் இருமருங்கும் ஒவ்வொன்றாய் நிறுத்துதல் கண்ணுக்கு அழகு, செவிக்குக் கேடு. செக்கனுக்கு 60 அதிர்வுடைய ஒலியின் அரை அலைநீளம் 3 மீற்றருக்குச் சற்றுக் குறைவு. ஒரு பெட்டி மற்றையதிலும் அவ்வளவு தூரம் கூடியிருக்கும் இடத்திலே ஓரலையின் முகடும் மற்றதன் பள்ளமும் சந்தித்து ஒன்றையொன்று அழிக்கும். நடுவில் நிற்பவர் நெஞ்சதிரக் கேட்க, பக்கத்தில் நிற்பவர் யாதுங் கேளார். இரண்டையும் அருகருகே நிலத்தில் வைத்தாலோ அவை ஒரே பெட்டிபோல் இயங்கி 6 தெசிபெல் கூட்டித் தரும். சுவாமி எழுந்தருளும் வழியாதலின் நடுவே வைத்தல் கூடாதெனின், இரண்டையும் ஒரு பக்கத்திற் சேர்த்து வைத்தல் நன்று. மேடைப் பலகைமேல் ஏற்றுதல் ஆகாது. பலகை அதிர, ஒலிவாங்கிகள் ஊளையிடத் தொடங்கும்.

நாதசுரமும் தவிலும் முழங்கும்போது இப்பெட்டிக்கு வேலையில்லை. இணுவிலிற் பிறந்த தெட்சணாமூர்த்தியின் (1933–1975) வாசிப்பால் தவிலுக்குப் புகழ் தேடிய நாட்டிலே, அக்கருவியின் சொற்கட்டுக்களைச் செயற்கை முழக்கத்தால் மூடுதல் தகாது. அயலாரையும் நினைத்தல் வேண்டும். தாழொலி பெட்டியின் பின்புறமும் ஏறத்தாழ முன்புறத்தைப் போலவே பரவி, வீட்டுச் சுவரையும் எளிதிற் கடக்கும். இலங்கை உயர் நீதிமன்றம் 2007இல் இரவு ஒலிபெருக்கிப் பாவனைக்கு வரம்பு விதித்தமை அமைப்பாளர் மறக்கலாகாதது.

வாங்குமுன் கடையின் சிற்றறையிற் கேட்டல் பயன்படாது. வெளியொன்றிலே வைத்து, பழகிய பாட்டொன்றை இசைப்பித்து, 40 மீற்றர் பின்னிருந்தும் இருபக்கம் நடந்தும் கேட்டல் வேண்டும். அச்சோதனையையும் அரங்கிற்குக் கொண்டு செல்லும் மின்பிறப்பாக்கியிலேயே நடத்துவது நல்லது. பெருமேளத்தின் ஒவ்வோர் அடிக்கும் விளக்கு மங்குமாயின், பெட்டி எவ்வளவு நல்லதாயினும், அம்பிளிபயருக்கு வேண்டிய மின்னை அவ்வியந்திரம் தரமாட்டாது.