மீனைக் காப்பாற்றும் கிருமிகள்

திருச்சி எடமலைப்பட்டி புதூரில் ஒரு வீடு. பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்று அப்பா கண்ணாடித் தொட்டி வாங்கி வந்தார். கூடவே நான்கு தங்க மீன்கள்.

இரண்டு நாள் ஒரே கொண்டாட்டம். பிறகு மீன்கள் மேலே வந்து, வாயைத் திறந்து திறந்து மூடின. ஒரு வாரத்தில் இரண்டு செத்து மிதந்தன.

"தண்ணீர் கெட்டுவிட்டது" என்றார்கள் வீட்டார். தொட்டியைக் காலி செய்தார்கள். கூழாங்கற்களைத் தேய்த்துக் கழுவினார்கள். பில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிழிந்தார்கள். புதுத் தண்ணீர் ஊற்றினார்கள்.

மற்ற இரண்டும் செத்தன! பிள்ளைகள் அன்று சோறு தின்னவில்லை.

மீன் வளர்க்கும் பல வீடுகளில் நடக்கும் கதைதான் இது.

கொன்றது எது?

அம்மோனியா என்ற விஷம். அது மீனின் செவுள் வழியாகவே வெளியேறுகிறது. தின்னாத தீனி அழுகினாலும் உண்டாகும். காவிரியில் என்றால் வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விடும். தொட்டியில் அது எங்கே போகும்?

அதைத் தின்பதற்கென்றே சில கிருமிகள் இருக்கின்றன. கிருமி என்றதும் காலராவும் காசநோயும்தான் நினைவுக்கு வரும். இவை நல்ல கிருமிகள். ஒரு வகை, அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷம்தான், மீனின் ரத்தத்தையே பழுப்பாக்கிவிடும். இன்னொரு வகை, அதை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் அளவோடு இருந்தால் மீனுக்குக் கெடுதல் இல்லை.

இந்தக் கிருமிகள் தண்ணீரில் நீந்துவது குறைவு. கல்லிலும் ஸ்பாஞ்சிலும் வழவழவென்று ஒட்டிக்கொண்டு வாழும். அழுக்கு என்று பிழிந்து கொட்டினார்களே, அதில்தான் அவை இருந்தன. மிச்சம் இருந்தவற்றைக் குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின் தீர்த்துக் கட்டியது.

தந்தையும் மகனும்

லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற ரசாயன நிபுணர் இருந்தார். தொட்டியில் இரண்டு தங்க மீன், நீர்ச்செடி, நத்தைகள் போட்டு வளர்த்தார். தண்ணீர் கெடவில்லை. அதை 1850-ல் வெளியிட்டார். செடியும் நத்தையும்தான் காரணம் என்று நினைத்தார். கிருமிகளின் வேலை அன்று யாருக்கும் தெரியாது.

அவருடைய மகன் பெயரும் ராபர்ட் வாரிங்டன். அவர் பயிர் விஞ்ஞானி. வயல் மண்ணில் அம்மோனியா எப்படி நைட்ரேட் ஆகிறது என்று பல ஆண்டுகள் ஆராய்ந்தார். இரண்டு கட்டமாக, இரண்டு வகைக் கிருமிகள் செய்கின்றன என்று கண்டார். தந்தையின் தொட்டியில் வேலை செய்ததும் அதே இனம்தான்!

அவற்றைத் தனியே பிரித்து வளர்ப்பது பெரும்பாடாக இருந்தது. ஆய்வுக்கூடத்தில் கொடுக்கும் ஊட்டமான உணவில் அவை வளரவில்லை. ரஷிய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி அந்த உணவை நிறுத்தினார். வெறும் உப்புகளைக் கொடுத்தார். 1890-ல் வெற்றி பெற்றார்.

அவசரம் கூடாது

சில கிருமிகள் 20 நிமிடத்தில் ஒன்று இரண்டாகும். இவை மந்தம். ஒரு நாள்கூட ஆகும். ஆகவே புதுத் தொட்டி பக்குவப்பட நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும்.

அதுவரை ஒன்றிரண்டு சிறு மீன் போதும். தீனியும் கொஞ்சமே போடவேண்டும். கிருமிகளைப் பாட்டிலில் அடைத்தும் விற்கிறார்கள். ஆனால் நோயில்லாத பழைய தொட்டி வைத்திருப்பவரிடம் ஒரு துண்டு ஸ்பாஞ்சு கேட்டு வாங்கினால் காசு மிச்சம்.

ஸ்பாஞ்சைக் குழாயில் கழுவக்கூடாது. தொட்டியில் இருந்து எடுத்த தண்ணீரிலேயே லேசாக அலசவேண்டும். வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீர் மாற்றினால் போதும். புதுத் தண்ணீரை வாளியில் ஒரு நாள் திறந்து வைத்து ஊற்றினால் குளோரின் போய்விடும்.

மின்சாரம் நின்றால் கவனம் தேவை. இந்தக் கிருமிகளுக்கும் காற்று வேண்டும். மோட்டார் பல மணி நேரம் ஓடாவிட்டால் அவையும் மடியும்.

எடுத்த தண்ணீரைச் சாக்கடையில் கொட்டவேண்டாம். அதில் இருக்கும் நைட்ரேட் செடிக்கு உரம். வாசலில் உள்ள ரோஜாவுக்கு ஊற்றலாம்.