சங்கிலி வாளும் அதன் பல்லும்

நம் தோட்டப்புறங்களில் எரிவாயு அடுப்பு வந்து ஆண்டுகள் பலவாகிவிட்டன. எனினும் விறகின் தேவை முற்றாக நீங்கிவிடவில்லை. கோயில் திருவிழாவில் அன்னதானத்திற்கு உலை ஏற்றவும், திருமண வீட்டில் பெரிய அண்டாக்களில் சமைக்கவும் இன்றும் விறகையே நாடுகிறோம். முன்னர் இதற்குக் கோடரியும், இருவர் இழுக்கும் வாளும் துணையாக இருந்தன. பின்னர் ‘செயின்சா’ என்று பொதுவாக வழங்கப்படும் சங்கிலி வாளைத் தொழிலாளர் சிலர் சொந்தமாக வாங்கி வைத்துக்கொள்ளத் தொடங்கினர்.

பணம் இருந்தால் வாங்குவது எளிது. வாங்கியபின் அதனைப் பேணும் முறையைக் கடைக்காரர் பெரும்பாலும் விரிவாக எடுத்துரைப்பதில்லை. வாள் பழுதாகி லயத்தின் பின்புறத்தில் துருப்பிடித்துக் கிடப்பதையும், பழுதான வாளையே அழுத்தி அறுத்துக் காயப்பட்டவர்களையும் நாம் சென்றுவந்த தோட்டங்களில் காண நேர்ந்ததுண்டு. இவ்விரண்டுக்கும் மூலகாரணம் பெரும்பாலும் ஒன்றே. அது மழுங்கிய பல்.

வாளைக் கையில் எடுக்குமுன் மரம் யாருடையது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுதல் வேண்டும். ஒரு காலத்தில் மறுநடவுக்காக வெட்டப்பட்ட ரப்பர் மரம் விறகாகவே போயிற்று. புகைக்கூடத்திற்கும் செங்கற் சூளைக்கும் அதுவே எரிபொருள். 1980ஆம் ஆண்டுகளிலிருந்து அம்மரம் நாற்காலியாகவும் மேசையாகவும் மாறிக் கப்பலேறுகிறது. ஜொகூர் மாநிலத்து மூவார் வட்டாரம் இத்தகைய தட்டுமுட்டுத் தொழிலுக்குப் பெயர் பெற்றது. ஆதலால் காற்றில் சாய்ந்த மரத்திற்குங்கூட இன்று விலையுண்டு. நிர்வாகத்தின் அனுமதியை எழுத்தில் பெற்றுக்கொள்வது நன்று. வாய்மொழியாகக் கிராணி ‘சரி’ என்றது பின்னர் யார் நினைவிலும் இராது. தோட்டத்தின் எல்லையை அடுத்துள்ள நிரந்தர வனப்பகுதிக்குள் சென்று உரிமமின்றி மரம் அறுப்பது 1984ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டப்படி குற்றமாகும்.

இனி வாளைப் பார்ப்போம். ஒரு சிறிய இரு வீச்சு எஞ்சின், அது சுழற்றும் பற்சக்கரம், கடைக்காரர் ‘பார்’ என்று கூறும் நீண்ட தகடு, அத்தகட்டின் விளிம்பிலுள்ள பள்ளத்தில் ஓடும் சங்கிலி, இவையே அதன் முக்கிய உறுப்புகள். முழு வேகத்தில் சங்கிலி நொடிக்குச் சுமார் 20 மீட்டர் ஓடும். ஜெர்மானியரான ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் 1926இல் மின்சாரத்தால் இயங்கும் சங்கிலி வாளையும், 1929இல் பெட்ரோலால் இயங்குவதையும் செய்தார். அக்காலத்து வாள்கள் இருவர் சேர்ந்து தூக்கவேண்டிய பளு உடையவை. அவற்றின் சங்கிலிப் பல்லும் கை வாளின் பல்லைப் போன்றே இருந்தது, அடிக்கடி மழுங்கிற்று.

இக்குறையைத் தீர்க்க வழிகாட்டியது ஒரு புழு! அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் மரம் வெட்டும் தொழிலறிந்த ஜோசப் காக்ஸ் என்பவர், மரத்தைக் குடையும் வண்டின் புழுவொன்றை 1946இல் கூர்ந்து நோக்கினார். அது இடமும் வலமுமாக மாறி மாறிக் கடித்து, மரத்தின் இழை எத்திசையில் ஓடினும் தடையின்றி முன்னேறக் கண்டார். அதன் தாடைகளைப் போலவே இடப்பல், வலப்பல் என மாறி மாறி அமைந்த சங்கிலியை உருவாக்கினார். இன்று நம் கடைகளில் விற்கும் சங்கிலியும் அவ்வழி வந்ததே. அதன் ஒவ்வொரு பல்லும் மரத்தைச் சீவி எடுக்கும் ஒரு சிற்றுளி. இதனை மனத்திற் கொண்டால் பேணும் முறை யாவும் விளங்கிவிடும்.

பால்வெட்டும் தொழிலாளருக்கு இதில் ஒரு நற்பேறு உண்டு. கத்தியின் கூர் என்பதன் பொருளை அவர்களைவிட அறிந்தவர் யார்? மழுங்கிய கத்தி பட்டையைச் சீவுவதில்லை, கிழிக்கிறது. கை அழுத்துகிறது, கத்தி ஆழம் போகிறது, மரத்திற் காயம் விழுகிறது. அதிகாலையில் மரநிரைக்குச் செல்லுமுன் கத்தியைத் தீட்டிக்கொள்ளும் அதே தொழிலாளர், சங்கிலி வாளின் பல்லை மட்டும் மாதக்கணக்கில் தொடாமலே வைத்திருப்பது நமக்கு வியப்பைத் தருகிறது. எஞ்சின் ஓடுகிறது, ஆகவே அறுக்கும் என்ற எண்ணமே இதற்குக் காரணம் போலும்.

பல் கூராக இருக்கிறதா என்பதை அறியக் கீழே விழுவதைப் பார்த்தாலே போதும். கூரிய பல் தடித்த மரச்சீவல்களை உதிர்க்கும். மழுங்கிய பல் மாவு போன்ற தூளை உதிர்க்கும். கூரிய வாள் தன் எடையாலேயே மரத்துள் இறங்கும். மழுங்கியதை நாம் அழுத்தவேண்டியிருக்கும். அழுத்தும்போது தோளும் முதுகும் சோர்கின்றன, சங்கிலி காய்கிறது, தகடு தேய்கிறது, எரிபொருள் வீணாகிறது. அழுத்தியவாறே அறுத்து முடிக்கும் கணத்தில் வாள் திடீரென்று கீழே விழுந்து காலைத் தேடும். கால் முறிந்தவனுக்கும் கால் அறுபட்டவனுக்கும் நிரை ஏது, சம்பளம் ஏது?

தீட்டுவதற்குச் சாணைக்கல் உதவாது. உருண்டையான அரம் வேண்டும். அரத்தின் பருமன் சங்கிலியின் அளவைப் பொறுத்தது. 3/8 அங்குலச் சிறுவகைச் சங்கிலிக்கு 4 மில்லிமீட்டர் அரமும், 0.325 அங்குலச் சங்கிலிக்கு 4.8 மில்லிமீட்டர் அரமும், 3/8 அங்குலப் பெருவகைக்கு 5.2 மில்லிமீட்டர் அரமும் ஏற்றவை. வாளுடன் வரும் கையேட்டில் இவ்வளவு குறிக்கப்பட்டிருக்கும். அதைக் கிழித்தெறியாமல் வைத்திருக்கவேண்டும். கையுறை அணிந்து, எஞ்சினை நிறுத்தி, தகட்டை ஒரு மரத்துண்டில் அசையாதவாறு பொருத்திக்கொள்க. பெரும்பாலான சங்கிலிகளில் பல்லின் மேல்முனை 30 பாகைச் சாய்வில் இருக்கும். அச்சாய்வு மாறாமல் அரத்தைப் பல்லின் உட்புறத்திலிருந்து வெளிப்புறமாகத் தள்ளுதல் வேண்டும். தள்ளும்போதுதான் அரம் வெட்டும். இழுக்கும்போது தூக்கிவிட வேண்டும். முன்னும் பின்னுமாகத் தேய்ப்பவர் அரத்தையும் கெடுத்துப் பல்லையும் கெடுக்கிறார்.

ஒரு பக்கத்துப் பற்கள் அனைத்தையும் முடித்தபின் மறுபக்கத்துக்கு மாறுக. ஒவ்வொரு பல்லுக்கும் மூன்று அல்லது நான்கு தள்ளல் போதும்; எத்தனையோ அத்தனையே எல்லாப் பற்களுக்கும். வலப்பற்கள் நீண்டும் இடப்பற்கள் குறுகியும் போனால் வாள் நேரே இறங்காமல் ஒரு பக்கமாக வளைந்து செல்லும். வலக்கை வழக்கமுடையோர்க்கு ஒரு பக்கம் எளிதாகவும் மறுபக்கம் கடினமாகவும் இருப்பதால் இக்கோளாறு மிகச் சாதாரணமாக நேர்கிறது.

ஒவ்வொரு பல்லுக்கும் முன்னே ஒரு சிறு மேடு நிற்பதைக் காணலாம். பல் எவ்வளவு ஆழம் கடிக்கவேண்டும் என்பதை அம்மேடே கட்டுப்படுத்துகிறது. பல்லின் முனையைவிட அது ஏறக்குறைய 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருத்தல் வேண்டும். பலமுறை தீட்டியபின் பல் தாழ்ந்துவிடும். மேடு அப்படியே நிற்கும். கூராக இருந்தும் வாள் அறுக்காது. அப்போது தட்டை அரத்தால் மேட்டைச் சிறிது குறைக்கவேண்டும். அளவுத் தகடு ஒன்று கடையில் கிடைக்கும். கண்மதிப்பில் மேட்டை மிகுதியாகத் தேய்த்துவிட்டால் பல் அளவுக்கு மீறிக் கடித்து வாள் கையில் துள்ளும். இவ்விடத்தில் சிக்கனம் பார்த்தலாகாது.

ரப்பர் மரத்திற்கென்றே உரிய ஓர் இடர் உண்டு. மங்கைத் தாங்கிய கம்பியும், பால் வடியச் செருகிய தகரமும் பழைய மரங்களின் பட்டைக்குள் புதைந்து, மேலே பட்டை வளர்ந்து மூடியிருக்கும். சங்கிலி அதன்மீது பட்டால் ஒரு நொடியில் பற்கள் பல முகம் சிதையும். ஆதலால் பால்வெட்டிய அடிமரப் பகுதியை அறுக்குமுன் கத்தியின் முதுகால் தட்டிப் பார்த்து, கம்பியைக் குறட்டால் பிடுங்கிவிடுதல் வேண்டும். அன்று சாய்ந்த பச்சை மரமாயின் பாலும் தூளும் கலந்து பற்சக்கரத்திலும் தகட்டின் பள்ளத்திலும் பசைபோல் ஒட்டும். வேலை முடிந்த அன்றே மூடியைக் கழற்றித் துடைத்தால் எளிதில் வந்துவிடும். மறுவாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் உளிகொண்டு செதுக்கவேண்டியதுதான்.

சங்கிலியின் இறுக்கத்தையும் அடிக்கடி பார்க்கவேண்டும். தகட்டின் அடிப்புறத்தோடு அது ஒட்டி நிற்கவேண்டும். ஆயினும் கையுறையணிந்த கையால் இழுத்தால் தடையின்றி ஓடவேண்டும். புதுச் சங்கிலி விரைவில் தளரும். ஒரு பக்கமே தேயாதிருக்கத் தகட்டை அவ்வப்போது தலைகீழாகத் திருப்பிப் பொருத்துவது வழக்கம்.

எண்ணெய் இரு வகை; இரண்டையும் குழப்புவோர் இன்னும் இருக்கின்றனர். எஞ்சினுக்குப் பெட்ரோலோடு ‘டூ டி’ எண்ணெயைக் கலந்தே ஊற்றவேண்டும். கையேடு 50க்கு 1 என்று கூறினால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லிலிட்டர், 5 லிட்டருக்கு 100 மில்லிலிட்டர். 25க்கு 1 என்றால் அதன் இருமடங்கு. வெறும் பெட்ரோலில் ஓட்டினால் எஞ்சினின் உட்புறம் உராய்ந்து இறுகிவிடும். அதனைப் பழுதுபார்க்கும் செலவில் வேறு வாளே வாங்கிவிடலாம். கலந்த பெட்ரோலை ஒரு மாதத்திற்குமேல் வைத்திராமல் தேவைக்கேற்பக் கலந்துகொள்வது நல்லது. சங்கிலிக்கு ஊற்றும் எண்ணெய் வேறு. மோட்டார் சைக்கிளிலிருந்து வடித்த கறுப்பு எண்ணெயை அதற்கு ஊற்றுவது நம்மவரிடையே பரவியுள்ள பழக்கம். அதில் உள்ள உலோகத் துகள் எண்ணெய்ப் பம்பையும் தகட்டையும் அரிக்கும். தோலுக்கும் தீங்கு தரும். ஒவ்வொரு முறை பெட்ரோல் நிரப்பும்போதும் சங்கிலி எண்ணெயையும் நிரப்புக. தகட்டின் நுனியை ஒரு வெள்ளைத்தாளின் மேலே, படாமல், பிடித்து எஞ்சினை முடுக்கினால் தாளில் எண்ணெய்க்கோடு தெறிக்கும். தெறிக்கவில்லையெனில் எண்ணெய் வழி அடைத்துக்கொண்டிருக்கிறது.

வாள் கூராக இருப்பினும் பிடிப்பவர் அறியவேண்டிய ஆபத்து ஒன்றுண்டு. தகட்டு நுனியின் மேற்பகுதி எதன்மீதேனும் இடித்தால் வாள் கண்ணிமைக்கும் நேரத்திற்குள் பின்னோக்கி முகத்தை நோக்கி எழும்பும். ‘பின்னுதைப்பு’ என்று இதனைக் கூறலாம். நுனியால் அறுக்கக்கூடாது; தோளுக்கு மேல் வாளை உயர்த்தக்கூடாது; இடக்கைப் பெருவிரல் முன்பிடியைச் சுற்றியே இருக்கவேண்டும். முன்பிடிக்கு முன்னால் உள்ள காப்பைத் தள்ளினால் சங்கிலி உடனே நிற்கவேண்டும். வாங்கும்போதே கடைக்காரரிடம் இதனை இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். இது வேலை செய்யாத பழைய வாள் எத்துணை மலிவாகக் கிடைப்பினும் வேண்டா.

இரு முனையும் தாங்கிக் கிடக்கும் மரத்தில் மேற்புறம் நெருக்குண்டும் கீழ்ப்புறம் இழுபட்டும் இருக்கும். மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு அறுத்து, எஞ்சியதைக் கீழிருந்து அறுத்தால் வாள் சிக்காது. ஒரு முனை அந்தரத்தில் நிற்கும் மரத்திற்கு இதன் நேர்மாறு. வேரோடு சாய்ந்த மரத்தை அறுத்தவுடன் வேர்ப்பாகம் மீண்டும் குழிக்குள் நிமிர்ந்து விழக்கூடும்; குழியருகே பிள்ளைகள் நிற்கலாகாது. நின்ற மரத்தை வீழ்த்துவது பயிற்சி பெற்றோர் செய்யவேண்டியது. அதனை இங்கு விளக்கப்போவதில்லை.

கண்ணாடி, தடித்த காலணி, கையுறை, காதுக் காப்பு ஆகியவை வேண்டும். வாளின் ஓசை 100 டெசிபலுக்கு மேற்பட்டது. எட்டு மணி நேர வேலைக்கு 82 டெசிபலுக்கு மேற்பட்ட இரைச்சலை மிகையானது என்று 2019ஆம் ஆண்டின் இரைச்சல் விதிமுறைகள் கொள்கின்றன. அதிர்வால் விரல் மரத்துப்போவதும் உண்டு. மறுநாள் அதே விரல்தான் பால்வெட்டும் கத்தியைப் பிடிக்கவேண்டும். ஆகவே இடையிடையே நிறுத்தி ஓய்வு கொள்க.

விறகுக்கென்றால் 14 அல்லது 16 அங்குலத் தகடுடைய வாள் தாராளமாகப் போதும். நான்கைந்து குடும்பங்கள் பணம் போட்டு ஒன்றை வாங்குவதும் உண்டு. அது நல்ல யோசனையே. ஆனால் எல்லாருக்கும் பொதுவானதை ஒருவரும் தீட்டுவதில்லை என்பதையும் காண்கிறோம். ஆகவே பொறுமையும் கைத்திறனும் உடைய ஒருவரிடம் வாளையும் அரத்தையும் ஒப்படைத்து, எடுப்பவர் அவரிடமே திருப்பித் தரும்படி செய்தல் வேண்டும். அவருடைய உழைப்புக்கு ஏதேனும் கொடுப்பதே முறை.

ஓய்வு நாளில் வெளியாருக்குக் கூலிக்கு விறகறுத்துக் கொடுப்போர், தோட்ட வேலைக்கென நிர்வாகம் செலுத்தும் சொக்சோ சந்தா அவ்வேலையில் நேரும் விபத்துக்கும் தானே பொருந்தும் என்று கருதிவிடலாகாது. தம் கணக்கில் தொழில் செய்வோருக்கு 2017ஆம் ஆண்டின் சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டம் உண்டு. அருகிலுள்ள சொக்சோ அலுவலகத்தில் விசாரித்தறியலாம்.

சில வாரங்களுக்கு வேலையில்லை எனில் பெட்ரோலை வெளியே வடித்துவிட்டு, எஞ்சின் தானே நிற்கும்வரை ஓடவிடுக. காற்று வடிகட்டியைத் தட்டித் தூசு நீக்கி, சங்கிலிக்கு எண்ணெய் தடவி, தகட்டுக்கு உறையிட்டு, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வைக்கவேண்டும். பெட்ரோல் டின் சமையலறையில் இருத்தல் கூடாது. பலகை வீடாயின் வீட்டிற்குள்ளேயே கூடாது.